முப்பது நாள் பேசாமல் இருந்தவள் எழுதுவது

கண்ணு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்தேன். நான்காக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சிரிக்காதே. அந்தத் தாளைக் கிழிப்பது இந்த வீட்டில் உன் அப்பாவின் உரிமை. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து வந்து, முந்தைய நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எனக்குச் சொல்லவேண்டியதை எழுதி, பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் செருகிவைப்பார். "காஸ் தீரப் போகிறது." "இன்றைக்குத் தண்ணீர் வராது." "நேற்றுப் பருப்பில் உப்பு அதிகம்." நானும் அதற்குக் கீழேயே பதில் எழுதுவேன். தியானக் கூடத்தைவிட்டு நான் வெளியே வந்த பிறகு இரண்டரை வருடமாக நானும் அவரும் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம். விலகிப்போனவளிடம் வாய்திறந்து பேசக்கூடாது என்றுதான் அவர்களுடைய விதி சொல்கிறது. எழுதுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவர் வந்தார். தாள் கிழிந்திருப்பதைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார், அரிசி களைந்துகொண்டிருந்த என் முதுகைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு குளிக்கப் போய்விட்டார். எழுதத் தாள் இல்லாததால் இன்று அவருக்கு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. வேறு காகிதம் வீட்டில் எத்தனையோ இருக்கிறது. அவருக்கு அது தோன்றாது. ஒரு வழி என்று பழகிவிட்டால் அந்த வழியில் மட்டுமே நடக்கிறவர் அவர். கூடத்தில் அவரை வைத்திருப்பதும் பாதி அந்தக் குணம்தான்.

என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான்கு நாளாக ஒரே வாக்கியம். "சனிக்கிழமைக்குள் மடல் கொடுத்தால் அனுமதி உண்டு." இன்று வியாழன். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை காயாத துணியை எடுக்க மாடிக்குப் போனேன். ஒரு தடவை காலியான சிலிண்டரை நகர்த்திவைத்தேன். ஒரு தடவை எதற்கென்றே தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்பினேன். அதனால் இது கோவையாக வராது.

இதை நீ நடத்துகிற அந்த இணையப் பக்கத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடத்திலிருந்து வந்தவர்கள், வேறு வேறு இடங்களிலிருந்து அப்படி வந்தவர்கள் எல்லாம் அங்கே படிக்கிறார்கள் என்றாய். கூடத்தில் இருக்கிறவர்கள் யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, ஒருவரைத் தவிர. அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

உனக்கு ஆறு வயதில் நாம் கூடத்துக்குப் போனோம். அன்னூர் போகிற வழியில் தகரக்கூரை போட்ட ஒரு நீளமான கட்டிடம், பக்கத்தில் விடுதி. உருவம் கிடையாது, பூசை கிடையாது, சீர் கிடையாது. காலை நாலரைக்கு எழுந்து தியானம், மாலையில் பாட்டு. நடுவில் பெரியவர். அவர் சொல்வதுதான் தெய்வம் சொல்வது. ஏன் போனோம் என்று நீ என்னைத் திட்டும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொள்வேன். காரணம் உனக்கு நினைவிருக்காது. உன் அப்பா அப்போது குடித்துக்கொண்டிருந்தார். லேத் பட்டறையில் வாரக்கூலி வாங்கினால் வீட்டுக்கு வர ராத்திரியாகும், சில நாள் வரவே மாட்டார். கூடத்துக்குப் போன நாற்பதாவது நாள் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தபோது சாந்தாக்கா பதினேழு நாள் ரசமும் சோறும் கொண்டுவந்து கொடுத்தார். எண்பது பேர் சேர்ந்து பாடும்போது என் குரல் எது என்று எனக்கே தெரியாமல் போகும். அந்த மாதிரி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. உன் பக்கத்தில் வருகிறவர்கள் கூடத்தை எழுதும்போது எல்லாமே இருட்டாக எழுதுகிறார்கள். நான் இழந்ததில் நல்லதும் இருந்தது கண்ணு. அதைச் சொல்ல எனக்கு இடமே இல்லாமல் போனதால்தான் என் கசப்பு இவ்வளவு நாள் உள்ளேயே கிடந்து புளித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் சாந்தாக்காவைப் பார்த்தேன். வழக்கமாக என்னைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். அன்று நேராக வந்து என் பக்கத்தில் நின்று கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்தார். தலையைத் தூக்கவில்லை.

"பையன் கல்யாணத்துக்கு அப்பன் இல்லாம எப்படி அம்மணி? ஒரு பக்கம் எழுதிக் குடுத்துப்போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

கடைக்காரர் குழம்பிப்போனார். "யாருக்குங்க்கா கல்யாணம்?"

"உங்களுக்கில்லீங்க. நீங்க எடை போடுங்க."

"அக்கா, நீங்க எங்கிட்டப் பேசறது தெரிஞ்சா வம்பாயிருமுங்க" என்றேன்.

"நானெங்க உங்கிட்டப் பேசறேன்? காய்கிட்டயல்ல பேசிட்டிருக்கறேன்." ஒரு காயைத் திருப்பிப் புழு இருக்கிறதா என்று பார்த்தார். "பொய்யா எழுதுனாத்தான் என்ன? எழுதறவங்கெல்லாம் நெசமாவா எழுதறாங்க? நானும் ஒருக்கா எழுதுனவதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாந்தாக்கா வெளியே போய்த் திரும்பியவர் என்று எனக்குத் தெரியவே தெரியாது. "எப்பங்க்கா?"

"நீயெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. மூணு மாசங்கூடத் தாங்கல அம்மணி. வெளிய யாருமே இல்ல. சோறு ஆக்குனா நல்லாருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளில்ல." பையை நீட்டினார். "அரைக் கிலோ போதுமுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மடல் என்பது இதுதான். வெளியே போனவள் கூடத்துக்கு எழுதித் தருகிற ஒரு பக்கம். வழி தவறினேன், என் மகனையும் தவறவிட்டேன், பெரியவர் நிழலுக்குத் திரும்ப ஏங்குகிறேன் என்று எழுதி, சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் படிக்கவேண்டும். அதைச் செய்தால் உன் கல்யாணத்தில் உன் அப்பா என் பக்கத்தில் வந்து நிற்கலாம். செய்யாவிட்டால் விலகிப்போனவர்கள் வீட்டு விசேஷத்தில் அவர் காலெடுத்து வைக்கக்கூடாது. சாந்தாக்கா சொன்னதை வீடு வரும்வரை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம்தானே.

அன்று மாலை மாடிக்குப் போய் உனக்கு போன் செய்தேன். கீழே இருந்து பேசினால் அவர் காதில் விழுமே என்று எப்போதும் மாடியில்தான் பேசுவேன். நீ எடுத்ததும், "பத்திரிகை புரூஃப் பாத்தியாம்மா?" என்றாய்.

"பாத்தேன் கண்ணு. அப்பா பேரக் காணமே. அச்சாபீசுக்காரங்க உட்டுப்போட்டாங்களா?"

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

"உன்ற அப்பா கண்ணு அவரு."

"முப்பது நாளு எங்கிட்டப் பேசாத ஆளு. என்னையக் காட்டிக் குடுத்த ஆளு. அவரு பேரு இருந்தா தாலி கட்டறப்பவும் எனக்கு அதேதான் நெனப்பிருக்கும்."

நானும்தான் அந்த முப்பது நாளும் பேசவில்லை என்பது உனக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். அவசரமாகச் சொன்னாய்: "நீ வேற, அவரு வேறம்மா."

அந்த ஒரு வாக்கியம் நான்கு நாளாக என்னை உட்காரவிடவில்லை. கம்பெனியில் பம்பு மோட்டார் தண்டின் விட்டத்தை அளந்து எழுதுகிற வேலையில் நேற்று ஒரே தண்டை இரண்டு முறை அளந்து இரண்டு வேறு அளவு எழுதிவைத்தேன். மேற்பார்வையாளர், "ஏனுங்கக்கா, கல்யாணக் கனவுங்களா?" என்று கிண்டல் செய்தார். ஆமாங்க என்றேன்.

கண்ணு, உன்னைக் காட்டிக்கொடுத்தது அப்பா இல்லை. நான்.

இதை எழுதிவிட்டு நான்காவது தடவையாக எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

உனக்குப் பதினான்கு வயது. கூடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீயும் நானும் ஒரு சீட்டில், அப்பா முன்சீட்டில். அப்போது என் காதில் சொன்னாய்: "அம்மா, கண்ணை மூடி உக்காந்தா எனக்கு ஒன்னுமே தெரியறதில்ல. பேனு எத்தன தடவ சுத்துதுன்னு சத்தத்த வெச்சு எண்ணிட்டிருக்கறேன். பெரியவரு சும்மா பேசறாருன்னு தோணுது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தச் சிரிப்பு நிஜம், அதை நம்பு.

சனிக்கிழமை ஒப்புவிப்பு. ஆண்கள் கூடத்தில் பாடிக்கொண்டிருக்க, தாய்மார் மட்டும் பின்னறையில் உட்கார்ந்து அந்த வாரம் தங்கள் பிள்ளைகள் மனத்தில் என்ன ஓடியது என்று சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அங்கே ஒரு போட்டி உண்டு. தன் பிள்ளையின் குறையைத் தயங்காமல் சொல்கிறவளே பற்று அறுத்தவள் என்று பெரியவர் எங்களைப் புகழ்வார். ஆறு மாதமாக நான் சொல்லும்படி ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ நல்ல பிள்ளை. "உன் பையன் உங்கிட்ட ஒன்னுமே சொல்றதில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு ரோசம் வந்தது. என் பிள்ளை என்னிடம் எல்லாம் சொல்வான் என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்காகச் சொன்னேன். பக்தியால்கூட இல்லை கண்ணு, பெருமையால். நீ என்னிடம் மனத்தைத் திறந்தாய் என்கிற பெருமையைக் காட்டுவதற்காக, நீ திறந்ததையே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

முப்பது நாள் மௌனம் என்று தீர்ப்பு வந்தது. வீட்டுத் தலைவர்தான் பிள்ளைக்கு அறிவிக்க வேண்டும் என்பது முறை. அப்பா உன்னை நிறுத்தி, "பெரியவரப் பத்தி நீ சொன்னது தெரியும். இன்னைலேர்ந்து முப்பது நாளு உங்கிட்ட யாரும் பேசமாட்டோம்" என்றார். நீ, "பஸ்ல ஒட்டுக் கேட்டீங்களாப்பா? நீங்களா போயிச் சொன்னீங்க?" என்று கேட்டாய். மௌனம் அப்போது தொடங்கிவிட்டிருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. உனக்குப் பின்னால் நான் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தேன். அவர் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்கிற பார்வையா, சொல்லாதே என்கிற பார்வையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் தோசையைத் திருப்பிப்போட்டேன்.

ஒன்பதாம் நாள் உனக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்டாய். சொம்பில் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன். கதவுக்கு வெளியே நின்று நீ குடிக்கிற சத்தத்தைக் கேட்டேன். இதுவும் உனக்குத் தெரியாத ஒன்று: அந்த மாதக் கடைசியில் கணபதி பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற அம்மா என்னை நிறுத்தினார். "ஏனுங் அம்மணி, உங்க பையனுக்கு ஏதாச்சும் கோளாறுங்களா? தெனமும் பள்ளிக்கூடம் உட்டு வந்து இங்க நின்னுக்கறானுங்க. பஸ்ஸேறப் போறவங்களையெல்லாம் மணி என்னங்க, மணி என்னங்கன்னு கேக்கறான். கையில வாட்ச் கட்டிட்டே கேக்கறானுங்க." எனக்கு உடனே புரிந்தது. உன்னிடம் யாராவது ஒரு வார்த்தை பேசவேண்டும், அதற்குத்தான். எனக்குப் புரிந்தது, கண்ணு. புரிந்தும் இன்னும் நான்கு நாள் பாக்கி இருக்கிறது என்று எண்ணி, அந்த நான்கு நாளும் பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் சொன்னதில்லை. படிப்பு முடிந்ததும் இருபத்தொரு வயதில் பெங்களூர் போனாய், இனி வரமாட்டேன் என்றாய். உனக்கு போன் செய்யக்கூடாது என்றார்கள். பதினான்கு மாதம் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னறையில் ஒரு சின்ன வயதுத் தாய், தன் ஏழு வயது மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் தலையணைக்கு அடியில், கூடத்துக்கு வெளியே இருக்கிற தன் மாமன் போட்டோவை வைத்திருக்கிறாளாம். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். என்ன ஒரு பூரிப்பு. அது என் முகம். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வந்து உனக்கு போன் செய்தேன். உன் போனில் என் நம்பர் இல்லை. "யாருங்க பேசறது?" என்றாய். சரியான கேள்வி. அந்தத் தாயைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தேனே என்பது வேறு; அது தனியாக என்னைத் தின்கிறது.

வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் வருடம் நான் செய்த காரியங்களைக் கேட்டால் நீயே சிரிப்பாய். வேலை முடிந்ததும் அன்னூர் பஸ்ஸில் ஏறி, கூடத்தைத் தாண்டிப் போய், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் திரும்பி வருவேன். தாண்டும்போது மனத்துக்குள் பெரியவரைத் திட்டுவேன். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. பிறகு ஒரு நாள் பஸ் அந்த இடத்தில் நின்றபோது பாட்டுச் சத்தம் கேட்டது. என் வாய் தானாக அடுத்த அடியைப் பாடியது. பக்கத்து சீட்டுப் பெண், "உங்களுக்கு அந்தப் பாட்டுத் தெரியுமுங்களா?" என்றாள். நான் அழுதுவிட்டேன். திட்டத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டைக் கேட்கத்தான் போயிருக்கிறேன். அதன்பிறகு அந்த பஸ்ஸில் ஏறுவதை விட்டேன். வீட்டில் துணி துவைக்கும்போது அந்தப் பாட்டைப் பாடுகிறேன். பாட்டு அவருடையது இல்லை. எண்பது பேர் பாடியது, அதில் ஒருத்தி நான்.

நான் பிறந்த ஊரான கொடுமுடிக்கும் போனேன். உனக்குப் பத்து வயதில் என் அப்பா இறந்தபோது நாம் போனோமே, உனக்கு நினைவிருக்கும். சாவு வீட்டுக்குள் போனால் ரத்த பந்தம் இழுக்கும் என்று தடை. தெருமுனையில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தாவப் பாக்க வேண்டாமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பன்னிரண்டு வருடம் கழித்து அதே தெருவில் போய் நின்றபோது, உன் மாமன் டயர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தான். "வா, காப்பி குடி" என்றான். அவ்வளவுதான். உன் அத்தை அப்படி விடவில்லை. "அன்னைக்கு முக்குலயே நின்னவீங்க, இன்னைக்கு ஊட்டுக்குள்ளயே வாரீங்களா? வழியெல்லாம் தெரியுதாக்கு?" என்றாள். காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டேதான் கேட்டாள். ஒரு மணி நேரம் திட்டினாள். எப்போதெல்லாம் வரவில்லை, யார் யார் கேட்டார்கள், அவர்களுக்கு இவள் என்னென்ன பொய் சொல்லிச் சமாளித்தாள் என்று ஒவ்வொன்றாக. உன் மாமன் விட்டுக்கொடுத்தது எனக்கு நல்லதாக இருந்தது. ஆனால் உன் அத்தை திட்டியதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கியது. என் முகத்தைப் பார்த்து, என்னிடமே, ஒருத்தி இத்தனை வார்த்தை பேசினாள்.

இப்போது உன்னைப் பற்றி. எனக்கு மருமகளாக வரப்போகிற நிவேதா போன வாரம் போன் செய்தாள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், நான் சொல்லிவிடுகிறேன். காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே, அவளுக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டப்போகிறேன். "அத்தை, அவரு எங்க போனாலும் கூடத்தப் பத்தியேதானுங்க பேசறாரு. முகூர்த்தச் சேலை எடுக்கப் போனா, சேலை விரிச்சுக் காட்டற அண்ணங்கிட்டயே அரைமணி நேரம் பெரியவரப் பத்திச் சொல்லிப்போட்டாரு. அந்த அண்ணன் பாவம், சரிங்க சார், இதுல மாம்பழக் கலரு காட்டட்டுங்களா சார்னு கேக்கறாரு." சொல்லிச் சிரித்தாள். அப்புறம், "எனக்குப் பயமா இருக்குதுங்கத்தை" என்றாள்.

கோபப்படாதே என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அந்தத் தகுதி எனக்கு இல்லை, அது தேவையும் இல்லை. உனக்கு நடந்தது கொடுமை. அதை எழுது, பேசு, அங்கே இன்னும் இருக்கிற பிள்ளைகளுக்காகச் சண்டை போடு. பின்னறையில் நடப்பதை எழுத வேண்டுமென்றால் நான் சாட்சி சொல்கிறேன், என் பெயரோடு. ஆனால் ஒன்று கவனித்தேன், கேட்டுக்கொள். கல்யாணத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது, யார் பெயரை எடுக்கலாம், யாரிடம் இனிப் பேசவேண்டாம் என்று நீ ஒரு பட்டியல் அனுப்பினாயே, அதை இரண்டாம் முறையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். அந்தப் பட்டியலின் எழுத்து எனக்குப் பழக்கமானது. நாம் பதினைந்து வருடம் கற்ற ஒரே வித்தை அதுதான்: பேச்சை நிறுத்துவது. எதற்கும் அதையே மருந்தாகப் போட்டார்கள். நமக்கு வேறு வைத்தியம் தெரியாது. நீயும் உன் கசப்புக்கு அதையே போடுகிறாய். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆமாம், நானும். யோசித்துப் பார். அவர் என்னிடம் பேசக்கூடாது என்பது அவருடைய விதி. நான் அவரிடம் பேசக்கூடாது என்று எனக்கு விதி போட யார் இருக்கிறார்கள்? நான் வெளியே வந்தவள். இருந்தும் இரண்டரை வருடமாக நானும் தாளில்தான் எழுதுகிறேன். காரணம் பயம். விலகிப்போனவள் பேசி, உள்ளே இருப்பவர் அதைக் கேட்டுவிட்டால், அன்றே அந்த வீட்டைவிட்டுக் கிளம்பி விடுதிக்குப் போய்விட வேண்டும் என்று கூடத்தில் ஒரு முறை உண்டு. நான் வாய்திறந்தால் அவர் போய்விடுவார். போகாமல் வைத்துக்கொள்வதற்காக நான் ஊமையாக இருக்கிறேன். இருக்கட்டும், ஒரே கூரைக்குக் கீழே மூச்சாவது விடுகிறாரே என்று.

அவரை நான் நல்லவராக்கப் பார்க்கவில்லை. அவரும் முப்பது நாள் உன்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்தான். அதற்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று கேட்பாய். நான் வெளியே வருவதற்கு முன்னால் ஒரு நாள் சொன்னார்: "நான் அங்கிருந்து வந்தேன்னா மறுக்காவும் குடிச்சுப்போடுவேன். எனக்கு என்னையத் தெரியும்." அது பொய்யில்லை, பயம். ஆனால் காட்டிக்கொடுத்தவர் என்று பதினோரு வருடமாக நீ அவர்மேல் வைத்திருக்கிற பாரம் அவருடையது இல்லை. மறுத்து ஒரு வரி எழுதி உனக்கு அனுப்பியிருக்கலாம். அவர் எழுதவில்லை. நானும் சொல்லவில்லை. நீ என்னை வெறுக்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது கண்ணு. வெளியே வந்து உன் பக்கம் சேர்ந்துகொண்ட நல்ல அம்மாவாக இருப்பது சுகமாக இருந்தது.

பத்திரிகையில் யார் பெயரைப் போடுவது என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். அதில் நான் கை வைக்கமாட்டேன். இப்போது உனக்கு முழுதும் தெரியும். தெரிந்து முடிவு செய். என் பெயரையும் எடுக்கவேண்டும் என்று தோன்றினால் எடு. வராதே என்று சொன்னால் வரமாட்டேன், தொலைவில் எங்காவது நின்றும் பார்க்கமாட்டேன். ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. போன் செய்து திட்டு. உன் அத்தையைப் போல ஒரு மணி நேரம் திட்டு. ஒன்றையும் விடாமல் சொல். நான் போனை வைக்கமாட்டேன்.

மணி பன்னிரண்டாகிறது. ஒரு மணிக்குப் பட்டறையிலிருந்து சாப்பிட வருவார். இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதிவிட்டு இதை முடிக்கிறேன். சாந்தாக்காவுக்குத் தெரியாது, உன் மாமனுக்குத் தெரியாது, நிவேதாவுக்கும் தெரியாது. மடல் எழுதப்போவதில்லை. பொய்யாகக்கூட எழுதமாட்டேன், ஒரு முறை அந்த அறையில் என் மகனைக் கொடுத்தது போதும். இன்று அவர் இலை முன்னால் உட்கார்ந்ததும் நான் எதிரே உட்கார்ந்து வாய்திறந்து பேசப்போகிறேன். உங்கள் பெயரில் இருந்த பழி என்னுடையது, அதை அவனுக்கு எழுதிவிட்டேன், அனுமதி வாங்காமல் மகன் கல்யாணத்துக்கு வாருங்கள், அவன் வேண்டாமென்றால் அதையும் அவன் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து பெட்டியை எடுக்கலாம். எடுத்தால் தடுக்கமாட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் பக்கத்திலேயே நடந்துபோவேன், தெரு முழுக்கக் கேட்டாலும் சரி, பேசிக்கொண்டே.

அம்மா